செகண்ட் ஹேண்ட் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா? நேம் பிளேட் விவரம் உள்ளே

#1 பிரஸ் ஷாப்காரன்

வணக்கம். அம்பத்தூர் பக்கம் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் எல்டி (குறைந்த அழுத்த) இணைப்பிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது இரண்டு பெரிய பிரஸ்ஸும் ஒரு கம்ப்ரஸரும் வருவதால் எச்டிக்கு (உயர் அழுத்த இணைப்புக்கு) மாறியே ஆக வேண்டும். எல்லாம் சேர்ந்து ஓடினால் 210 கேவிஏ வரை இழுக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புது 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்கு விலை கேட்டேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பழைய மெஷின் விற்கும் யார்டு ஒன்றில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பார்த்தேன். பெயின்ட் எல்லாம் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. பிளேட்டில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்:

கேவிஏ: 250
நோ லோட் வோல்ட்: எச்வி (லைன் பக்கம்) 11000, எல்வி (ஷாப் பக்கம்) 433
ஆம்ப்ஸ்: எச்வி 10.50, எல்வி 266.7
3 பேஸ், 50 ஹெர்ட்ஸ், ஓஎன்ஏஎன் (ஆயிலும் காற்றும் தானாகவே ஓடிக் குளிர்விக்கும் வகை)
வெக்டர் குரூப்: டிஒய்என் 11
இம்பீடன்ஸ்: 4.47%
டெம்பரேச்சர் ரைஸ்: ஆயில் 45, வைண்டிங் 55
இன்சுலேஷன் லெவல்: எச்வி 28/75
கோர், வைண்டிங் 440 கிலோ, ஆயில் 245 லிட்டர், மொத்தம் 955 கிலோ
டேப் 7 (லைன் வோல்டேஜுக்கு ஏற்ப எச்வி சுற்றைக் கூட்டிக் குறைக்கும் படிகள்), +5% முதல் −10% வரை
ஐஎஸ் 2026 (இந்தியத் தர எண்), வருடம் 2008

இரண்டு சந்தேகம். நம் ஊரில் 415 வோல்ட்தானே, பிளேட்டில் ஏன் 433? அப்புறம் மோட்டாரில் எல்லாம் கிலோவாட் போடுகிறார்கள், இதில் மட்டும் ஏன் கேவிஏ?

#2 ட்ரிபிள்ஈ மூன்றாம் ஆண்டு

அண்ணா, கேவிஏ கேள்வி எங்களுக்கு வைவாவில் தவறாமல் வரும், அதனால் மனப்பாடம்! டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு இடத்தில் சூடாகும். கோர் (உள்ளே இருக்கும் இரும்பு) சூடாவது வோல்டேஜால், வைண்டிங் (அதன்மேல் சுற்றிய கம்பி) சூடாவது கரண்டால். அந்தக் கரண்ட் வெளியே போய் மோட்டாரைச் சுற்றியதா, ஹீட்டரைக் காய்ச்சியதா என்பது கம்பிக்குத் தெரியாது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கேவிஏவில் உண்மையில் கிலோவாட்டாக மாறும் பங்கு) என்னவாக இருந்தாலும் சூடு ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர் செய்பவருக்கு உங்கள் பவர் ஃபேக்டர் என்ன என்று முன்கூட்டியே தெரியாது இல்லையா, அதனால் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பெருக்கிக் கேவிஏ என்று போட்டுவிடுகிறார். 250 கேவிஏவில் 0.8 பவர் ஃபேக்டர் என்றால் 200 கிலோவாட்தான் எடுக்கலாம்.

433 என்பது லோடு இல்லாதபோது. முழு லோடு ஏறினால் உள்ளேயே கொஞ்சம் வோல்டேஜ் விழும், பிறகு கேபிளில் கொஞ்சம். மெஷினுக்குப் போய்ச் சேரும்போது 415 பக்கம் இருக்கட்டும் என்று முன்கூட்டியே ஏற்றி வைப்பது.

மற்றதெல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிகிறது.

#3 காயில் கடை

சரியாக இல்லைங்க தம்பி. கால்குலேட்டரை எடுங்க.

மூன்று பேஸ் கணக்கு: கேவிஏவை ஆயிரத்தால் பெருக்கி, 1.732ஆலும் வோல்டாலும் வகுக்கணும். 250000 ÷ (1.732 × 433) = 333. எல்வி ஆம்ப்ஸ் 333 இருக்கணும். பிளேட்டில் 266.7 போட்டிருக்கு. இப்போ திருப்பிப் போடுங்க. 266.7 × 433 × 1.732 = இரண்டு லட்சம். எச்வியும் அதேதான், 10.5 × 11000 × 1.732, அதுவும் இரண்டு லட்சம்.

இது 200 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்ஸ் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுது, கேவிஏ மட்டும் தனியாக நிற்குது. மறுபடி யார்டுக்குப் போனால் செல்போன் டார்ச்சைப் பிளேட்டுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, 250இல் நடு எண்ணை மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுங்க. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் ஒன்று. உங்கள் லைன் 11 கேவிதானா என்று முதலில் கேட்டுக்கொண்டீர்களா? எங்கள் கோவைப் பக்கம் 22 கேவி லைன் நிறைய. ஊர் விட்டு ஊர் பழசு வாங்கும்போது அதிலேயே ஏமாந்தவர்கள் உண்டு.

#4 பிரஸ் ஷாப்காரன்

லைன் 11 கேவிதான், கேட்டுவிட்டேன்.

உங்கள் பதிலைப் படித்துவிட்டு யார்டுக்காரருக்கு போன் போட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "சார், அது முதலில் 200தான். ரீவைண்டிங் பண்ணும்போது கனமான கம்பி போட்டு 250 ஆக்கியாச்சு. கேவிஏ மாற்றினவன் ஆம்ப்ஸ் மாற்ற மறந்துட்டான்" என்கிறார். இப்படிச் செய்ய முடியுமா? முடியும் என்றால் எனக்கு லாபம்தானே?

#5 காயில் கடை

இருபத்திரண்டு வருடமாகக் காயில் சுற்றுகிறேன். "கொஞ்சம் கேவிஏ ஏற்றிக் கொடுங்க" என்று எங்களிடமும் வந்து கேட்பார்கள், கேட்காத மாதம் கிடையாது.

கோரில் இரண்டு காலுக்கு நடுவே இருக்கிற ஜன்னல் அளந்து வெட்டினது. அதில் எச்வி காயில், எல்வி காயில், நடுவே ஆயில் ஓட வழி, காகிதம், பிரஸ்போர்டு எல்லாம் அடங்கணும். கம்பி பருமனைக் கால் பங்கு கூட்டினால் எங்கே வைப்பது? ஆயில் போகிற வழியைக் குறைத்துத்தான் வைக்கணும். அதாவது சூடு கூடுகிற இடத்தில் குளிர்ச்சியைக் குறைக்கிறோம்.

கம்பி அதேதான், எண் மட்டும் மாறியிருக்கு என்றால் இன்னும் மோசம். கரண்ட் 1.25 மடங்கு, வைண்டிங் லாஸ் (கம்பியில் சூடாக வீணாகிறது) அதன் வர்க்கம், 1.56 மடங்கு. டேங்க்கும் ரேடியேட்டர் குழாயும் 245 லிட்டர் ஆயிலும் அப்படியே இருக்கு. அந்தச் சூடு எங்கே போகும்?

இன்னொன்றும் உண்டு. ரீவைண்டிங் என்கிறாரே, என்ன கம்பி என்று கேட்டீர்களா? காப்பரை எடுத்துவிட்டு அதே பருமனில் அலுமினியம் சுற்றி வைத்ததை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். அலுமினியம் தப்பில்லை, அதற்கென்று டிசைன் பண்ணினால் நன்றாக ஓடும். ஆனால் அதே கரண்டுக்குக் காப்பரைவிட 1.6 மடங்கு பருமன் வேணும். இடமே இல்லாத ஜன்னலில் அது எப்படி நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்க.

#6 டெஸ்ட் பெஞ்ச்

நான் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். காயில் கடைக்காரர் சொன்னது சரி. அதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

பிளேட்டில் எல்லோரும் கேவிஏவை மட்டும் பார்ப்பார்கள், நான் முதலில் இம்பீடன்ஸைப் பார்ப்பேன். மற்ற எண்களெல்லாம் டிசைன் காகிதத்திலிருந்து வருபவை. வோல்ட், கேவிஏ, டேப் எல்லாம் ஒரே டிசைனில் நூறு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒன்றுதான். 4.47 என்று இரண்டு தசமத்தில் இருக்கிறதே, அது அந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரை பெஞ்சில் ஏற்றி அளந்து அடித்த எண். அடுத்ததற்கு 4.52 வந்திருக்கும். கிட்டத்தட்டக் கைரேகை மாதிரி.

அளக்கும் விதம் இதுதான். எல்வி மூன்று பேஸையும் தடிமனான காப்பர் பட்டையால் ஷார்ட் செய்துவிட்டு, எச்வி பக்கம் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுவோம். பிளேட் கரண்ட் ஓடும்போது நிறுத்தி, எத்தனை வோல்ட் என்று பார்ப்போம். 11000இல் அது எத்தனை சதவீதமோ அதுதான் இம்பீடன்ஸ். உங்கள் பெட்டிக்கு 4.47% என்றால் 492 வோல்ட்டில் 10.5 ஆம்பியர் ஓடியிருக்கிறது.

492 என்பது நம் சாதாரண 415க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? ஆகையால் யார்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். எல்வியை ஷார்ட் செய்து எச்விக்கு 415 கொடுத்தால் 8.9 ஆம்பியர் வர வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், நீங்களாக இறங்காதீர்கள். முக்கியமாக, ஷார்ட்டை எடுத்துவிட்டு யாராவது 415ஐ மாற்றி எல்வி பக்கம் கொடுத்துவிட்டால் எச்வி புஷ்ஷிங்கில் (கம்பி வெளியே வரும் பீங்கான் முனையில்) பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அப்படி ஒரு விபத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

#7 நைட் ஷிஃப்ட்

சார், ஒரு சந்தேகம். கம்பியை மாற்றினாலும் சுற்று எண்ணிக்கை அதே, அளவும் ஏறக்குறைய அதே என்றால் இம்பீடன்ஸ் ஓம் கணக்கில் பெரிதாக மாறாதே? அப்புறம் இந்த டெஸ்டில் 200ஆ 250ஆ என்று எப்படித் தெரியும்?

#8 டெஸ்ட் பெஞ்ச்

நல்ல கேள்வி. தெரியாது. இந்த டெஸ்ட் கேவிஏவைக் காட்டாது. பிளேட்டில் உள்ள 10.5 ஆம்பியரும் 4.47%மும் இதே பெட்டியில் அளந்து அடித்தவையா, இல்லை வேறெதிலிருந்தோ கழற்றி ஒட்டிய பிளேட்டா என்பதைத்தான் காட்டும். அளவு ஒத்துவந்தால் பிளேட் இதனுடையதுதான், அதில் கேவிஏ மட்டும் பிறகு மாறியிருக்கிறது என்று ஆகிவிடும். கம்பி பருமனானதா என்று பார்க்க வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளக்க வேண்டும். உண்மையிலேயே 250 தாங்குமா என்று அறிய ஹீட் ரன் எடுக்க வேண்டும், அதாவது முழு லாஸையும் கொடுத்து, ஆயில் சூடு ஏறி நிலைக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பது. கேவிஏ ஏற்றினேன் என்பவர் அந்த ரிப்போர்ட்டைக் காட்டட்டும்.

#9 பிரஸ் ஷாப்காரன்

இன்று போய் வந்தேன். எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போனதற்கே யார்டுக்காரர் முகம் மாறிவிட்டது. டெஸ்டுக்கு மறுக்க முடியவில்லை, வேறு இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே சப்ளை 408 வோல்ட். எல்வியை ஷார்ட் செய்து எச்விக்குக் கொடுத்தோம். கிளாம்ப் மீட்டரில் 8.7, 8.7, 8.8. ஷார்ட்டை எடுத்துவிட்டுப் பார்த்தபோது எல்வியில் பேஸுக்குப் பேஸ் 16 வோல்ட்.

பிளேட்டுக்கு டார்ச் சாய்த்துப் பிடித்தேன். 5இன் வயிற்றுக்குள்ளே பழைய 0இன் வளைவு இருக்கிறது! ஒரு பக்கத்தைத் தேய்த்திருக்கிறார்கள், இடது பக்கக் கோடு மட்டும் போகவில்லை. 2க்கும் கடைசி 0க்கும் பஞ்ச் ஆழம் ஒரே மாதிரி, நடுவில் உள்ள 5 மட்டும் ஆழமாக, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. பிளேட்டின் ரிவெட் நான்கும் பழையவை.

என்ன கேட்க நினைக்கிறேன் என்றால், 200 என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டியது 210. வெறும் 5% தானே கூடுதல், விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

#10 டெஸ்ட் பெஞ்ச்

408க்கு என் கணக்கில் 8.71 வர வேண்டும். 408க்கு 16 என்ற ரேஷியோவும் பிளேட்டின் 11000க்கு 433 என்பதோடு ஒத்துப்போகிறது. பிளேட் அதனுடையதுதான், 200 கேவிஏதான்.

210 கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன். 200இல் 210 ஒரு மணி நேரம் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் செத்துவிடாது. வைண்டிங் லாஸ் பத்து சதவீதம் கூடும், அவ்வளவுதான். பிளேட்டில் 45/55 என்பது வெளிக்காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறலாம் என்ற கணக்கு. நம் ஊருக்கு வெளிக்காற்று அதிகபட்சம் 50, ஒரு நாள் சராசரி 40 என்று எடுத்துத்தான் டிசைன் செய்வார்கள். ஜனவரி ராத்திரியில் நிறைய இடம் மிச்சம் இருக்கும். மே மாத மதியம், தகர ஷெட் சுவரை ஒட்டிக் காற்றே படாமல் நின்றால் மிச்சம் கிடையாது. உள்ளே இருக்கும் காகித இன்சுலேஷனுக்கு ஒரு விதி உண்டு. ஹாட் ஸ்பாட் (வைண்டிங்கிலேயே மிகச் சூடான இடம்) 98 டிகிரியில் இருக்கும்வரை அதன் வழக்கமான ஆயுள். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் கிழடாகும் வேகம் இரட்டிக்கும்.

அதைவிட எனக்குக் கவலை வேறு. வாங்கின ஆறு மாதத்தில் நீங்களே இந்தக் கதையை மறந்துவிடுவீர்கள். பிளேட்டில் 250 இருக்கிறதே என்று இன்னொரு பிரஸ் வாங்குவீர்கள். சார்ஜ் செய்வதற்கு (லைன் கொடுப்பதற்கு) முன்னால் மின் ஆய்வாளர் வந்து பார்ப்பார், டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் 200, பிளேட்டில் 250 என்றால் அங்கேயே நின்றுவிடும்.

#11 ட்ரிபிள்ஈ மூன்றாம் ஆண்டு

முதலில் "சரியாக இருக்கிறது" என்று எழுதியதற்கு மன்னிக்கவும் அண்ணா. ஆம்ப்ஸை நான் பெருக்கியே பார்க்கவில்லை.

டெஸ்ட் பெஞ்ச் சார், டிஒய்என் 11 பற்றிப் புத்தகத்தில் படித்தேன், மணி முள் என்கிறார்கள். நிஜத்தில் அது எங்கே பயன்படும்? 28/75 என்பது என்ன?

#12 டெஸ்ட் பெஞ்ச்

28 என்பது ஒரு நிமிடம் தாங்க வேண்டிய 50 ஹெர்ட்ஸ் கிலோவோல்ட். 75 என்பது இடி இம்பல்ஸ் உச்சம். 1.2 மைக்ரோ செகண்டில் ஏறி 50 மைக்ரோ செகண்டில் பாதியாக இறங்கும் ஒரே ஒரு அடி. 11 கேவிக்கு 95 என்றும் ஒரு வகுப்பு இருக்கிறது. திறந்த வெளி லைனில் மாட்டுவதென்றால் நான் 95 உள்ளதைத்தான் எடுப்பேன்.

வெக்டர் குரூப் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவருக்குப் பெரிதாகத் தேவைப்படாது. டி என்றால் எச்வி டெல்டா, ஒய் என்றால் எல்வி ஸ்டார், என் என்றால் நியூட்ரல் வெளியே எடுத்திருக்கிறது. எச்வி முள்ளைப் பன்னிரண்டில் வைத்தால் எல்வி முள் பதினொன்றில் நிற்கும், அதாவது 30 டிகிரி முந்தி. இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரைப் பேரலலில் போடும்போதுதான் விஷயமே. பழைய யார்டில் டிஒய்என் 1 ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். கேவிஏ, வோல்ட், இம்பீடன்ஸ் எல்லாம் அச்சு அசல் ஒன்று. ஆனால் முள் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே 60 டிகிரி. 250 வோல்ட்டும் 250 வோல்ட்டும் 60 டிகிரி விலகி நின்றால் இடையே உள்ள வித்தியாசமும் 250 வோல்ட்தான். இரண்டும் 250 கேவிஏ, 4.5% என்றால் ஒவ்வொன்றிலும் தடுப்பதற்கு இருப்பது 0.034 ஓம். லோடு ஒன்றுமே இல்லாமல் இரண்டுக்கும் நடுவே 3700 ஆம்பியர் சுற்றும். ஸ்விட்சைப் போட்ட கைக்கு நல்ல காலம் இருக்க வேண்டும்.

#13 நைட் ஷிஃப்ட்

இழையைத் திசை திருப்புவதாக நினைக்காதீர்கள். எங்கள் ஷாப்பில் இறக்குமதி மெஷின் ஒன்றில் உள்ளே சின்ன கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 440/110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. நாம் கொடுப்பது 415. வோல்டேஜ் குறைவுதானே என்று விட்டுவிட்டோம். ஆனால் லோடே இல்லாதபோதும் கை வைக்க முடியாத சூடு, ஒரே ரீங்காரம். ஏன்?

#14 டெஸ்ட் பெஞ்ச்

வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். 440ஐ 60ஆல் வகுத்தால் 7.33, 415ஐ 50ஆல் வகுத்தால் 8.3. கோரில் காந்தம் 13% கூடுதல். விளிம்பு வரை டிசைன் செய்த சின்னக் கோர் அங்கே நிரம்பி வழியும், அந்த ரீங்காரம் அதுதான். 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை 60இல் ஓட்டலாம், மறுபக்கம் ஆபத்து. 50/60 என்று அடித்த ஒன்றை மாற்றிவிடுங்கள்.

#15 பிரஸ் ஷாப்காரன்

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. அந்த யார்டு பெட்டியை விட்டுவிட்டேன். கொஞ்சம் கடன் வாங்கிப் புதிதாகவே 250 கேவிஏ எடுத்தாயிற்று, ஐஎஸ் 1180, ஐஎஸ்ஐ முத்திரையோடு. வந்து இறங்கிய அன்றே நான் செய்த முதல் வேலை கால்குலேட்டரோடு பிளேட் முன்னால் நின்றதுதான். எல்வி 333.3. டெலிவரி கொண்டுவந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இதில் பழைய பிளேட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. மொத்த லாஸ் 50% லோடில் 980 வாட், 100% லோடில் 2930 வாட். பாதி லோடுக்குப் பாதி லாஸ் என்றால் 1465 அல்லவா வர வேண்டும்?

#16 காயில் கடை

நல்ல முடிவுங்க.

கோர் லாஸ் எப்போதும் ஒன்றே, வைண்டிங் லாஸ் வர்க்கம். பாதி லோடில் வைண்டிங் லாஸ் கால் பங்குதான். 2930இல் 980ஐக் கழித்தால் 1950, அது முக்கால் பங்கு. முழு வைண்டிங் லாஸ் 2600, மிச்சம் 330 கோருக்கு. இந்த 330 வாட் நீங்கள் ஷாப்பைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் ஓடும். வருடத்துக்கு 2890 யூனிட், உங்கள் மீட்டரில்தான் ஏறும். ஐஎஸ் 1180 2014இல் மாறியதிலிருந்து 2500 கேவிஏ, 33 கேவி வரைக்கும் இந்த இரண்டு எண்ணுக்கும் உச்சவரம்பு வைத்திருக்காங்க. பழசு வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்கிறாங்க, இதைப் பார்ப்பதில்லை.

இம்பீடன்ஸ் என்ன போட்டிருக்கு? 4.5 என்றால் 333ஐ 0.045ஆல் வகுங்க, ஷார்ட் ஆனால் 7400 ஆம்பியர் வரைக்கும் ஓடும். எல்டி பேனல் மெயின் பிரேக்கர் அதுக்கு மேலே தாங்குகிறதா என்று பாருங்க.

#17 பிரஸ் ஷாப்காரன்

பிரேக்கர் 16 கேஏ (16000 ஆம்பியர்), பார்த்துவிட்டேன்.

இப்போது புதுப் பிரச்சினை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்வியில் 405 வோல்ட்தான் வருகிறது, அதுவும் மெஷின் ஓடாதபோதே. பிரஸ் மோட்டார் திணறுகிறது. டேப் 3இல் இருக்கிறது. பிளேட்டில் 1க்கு 11550, 3க்கு 11000, 4க்கு 10725, 5க்கு 10450, 7க்கு 9900 என்று போட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் 5க்கு மாற்றிவிடலாம் என்கிறார்.

#18 காயில் கடை

5இல் 426 வரும். சாயங்காலத்துக்கு அருமையாக இருக்கும், மாற்றுங்க.

#19 டெஸ்ட் பெஞ்ச்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாயங்காலம் லைனில் வருவது 10300 பக்கம். ராத்திரி ஊரெல்லாம் தூங்கின பிறகு அது 11000க்கு ஏறினால் டேப் 5இல் எல்வி 456. பேஸுக்கு நியூட்ரல் 263 வோல்ட். ஷாப்பில் எரியும் எல்இடி, சிசிடிவி அடாப்டர், பிரஸ்ஸின் கன்ட்ரோல் கார்டு எல்லாம் அதைத் தாங்க வேண்டும். மாற்றும் முன் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரீடிங் எடுங்கள். 4 போதும் என்பது என் கருத்து.

மாற்றும்போது ஏபி ஸ்விட்சைத் (லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) திறந்து, லைன் செத்திருக்கிறது என்று உறுதி செய்து, எர்த் போட்ட பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். அது ஆஃப் சர்க்யூட் டேப். லோடு இல்லை, அதனால் பரவாயில்லை என்று உயிரோடிருக்கும்போது திருப்பக்கூடாது.

#20 காயில் கடை

ராத்திரி கணக்கை நான் பார்க்கவில்லை. சார் சொல்வது சரிங்க.

#21 பிரஸ் ஷாப்காரன்

வாட்ச்மேனிடம் மீட்டரைக் கொடுத்து ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்கச் சொன்னேன். டேப் 3இல் 430 வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லைன் நிறுத்தி டேப் 4க்கு மாற்றிவிட்டோம். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு 415, ராத்திரி 441. பிரஸ் இப்போது திணறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் அந்த யார்டு வழியாகப் போனேன். அந்த 200 கேவிஏ அங்கே இல்லை.

#22 காயில் கடை

ஐயோ. யார் வாங்கினாங்க?

#23 பிரஸ் ஷாப்காரன்

கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார். பிளேட் போட்டோ என்னிடம் இருக்கிறது. வருடம் 2008, இம்பீடன்ஸ் 4.47, எல்வி ஆம்ப்ஸ் 266.7. உங்கள் பக்கம் யாராவது புதிதாகப் பழசு வாங்கியிருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்.